புல்வெட்டும் யந்திரம்: பேணுதலும் பழுது பார்த்தலும்

தென்னந்தோப்பிலும், மாந்தோப்பிலும், பள்ளிக்கூட மைதானத்திலும், ஊராட்சிப் பூங்காவிலும் மழை பெய்த சில வாரங்களுக்குள் புல் முழங்கால் உயரம் வளர்ந்து விடுகிறது. முன்னாளில் இதனை அரிவாளால் அறுப்பதும், ஆடுமாடுகளை விட்டு மேய்ப்பதும் வழக்கம். ஆட்கூலி உயர்ந்தும், ஆள் கிடைப்பது அரிதாகியும் விட்ட இக்காலத்தில், பின்னால் நடந்து தள்ளிச் செல்லும் பெட்ரோல் புல்வெட்டி யந்திரத்தை நிலச்சுவான்தார்களும் ஊராட்சியாரும் வாங்கி உபயோகித்து வருகின்றனர்.

வாங்கிய முதற் பருவத்தில் யந்திரம் குறைவின்றி வேலை செய்கிறது. பிறகு கோடை முழுவதும் கொட்டகையின் மூலையில் கிடக்கிறது. அடுத்த மழைக்கு வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்தால் எஞ்சின் கிளம்புவதில்லை. கை ஓயும் வரையில் இழுத்துப் பார்த்துவிட்டு, கையிற் கிடைத்த ஸ்பானரால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றுகின்றனர். காரணம் பெரும்பாலும் கழற்றிய பாகங்களில் இருப்பதில்லை. தொட்டியில் தங்கிய பழைய பெட்ரோலிலேயே இருக்கிறது. இத்தகைய யந்திரங்களின் பழுதுகளிற் பெரும்பான்மை உழைப்பினால் நேர்வன அல்ல, கவனியாது கிடப்பதால் நேர்வன. ஆகவே எதை எப்பொழுது கவனிப்பது, பழுது நேர்ந்தால் எதை முதலிற் பார்ப்பது என்னும் வரிசை தெரிந்தால், வீண் செலவும் கால தாமதமும் பெரிதும் குறையும்.

யந்திரத்தின் வகையும் அமைப்பும்

புல்வெட்டும் யந்திரத்தை முதலில் அமைத்தவர் இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த எட்வின் பியர்ட் பட்டிங் என்பவர். நெசவாலைகளில் துணியின் மேலெழும் நூலிழைகளைக் கத்தரிக்க உபயோகித்த உருளைக் கத்தியைக் கண்டு, அம்முறையாற் புல்லையும் வெட்டலாமெனக் கருதி, 1830-ல் உரிமைப் பட்டயம் பெற்றார். இப்ஸ்விச் நகரத்து ரான்ஸம் கம்பெனியார் 1832-ல் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கி, 1902-ல் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய யந்திரத்தையும் விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

பட்டிங் அமைத்த வகையில், சுழலும் உருளைக் கத்தி நிலைக்கத்தியோடு உராய்ந்து, கத்தரிக்கோல் போல் புல்லை வெட்டுகிறது. அது மிருதுவான புல்தரைகளுக்கே ஏற்றது. தோப்புகளிலும் மைதானங்களிலும் இப்பொழுது மிகுதியாக வழங்குவது சுழற்கத்தி வகை. இதில் எஞ்சினின் அச்சு செங்குத்தாகக் கீழ்நோக்கி நிற்கிறது. அதன் அடிமுனையில் ஒரே பட்டைக் கத்தி நடுவில் போல்ட்டினால் இறுக்கப்பட்டு, தகட்டு மூடியின் உள்ளே சுழன்று, அரிவாளை வீசுவதுபோல் புல்லைச் சீவுகிறது. நிமிஷத்துக்குச் சுமார் 3,000 சுற்றுச் சுழலும்போது, 21 அங்குல நீளமுள்ள கத்தியின் முனை மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகிறது. கத்தியில் அகப்பட்ட கூழாங்கல் துப்பாக்கிக் குண்டு போல் பாய்வதற்கு இவ்வேகமே காரணம்.

எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் உள்ள நான்கு வீச்சு எஞ்சின். இதற்குப் பாட்டரி தேவையில்லை. பறக்கும் சக்கரத்தில் பதித்த காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து செல்லும்போது மின்சாரம் உண்டாகி, ஸ்பார்க் பிளக்கில் பொறியாக வெளிப்படுகிறது. எரிபொருள், காற்று, பொறி, அழுத்தம் ஆகிய நான்கும் சேர்ந்தால் எஞ்சின் ஓடும். ஒன்று குறைந்தாலும் ஓடாது. பழுதைத் தேடும் வேலை முழுவதும் இந்நான்கில் எது குறைந்ததெனக் காணுவதே.

முதல் விதி

யந்திரத்தின் அடிப்பக்கத்தில் கை வைக்குமுன் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, பிளக்கில் படாதபடி ஒதுக்கி வைக்கவேண்டும். கத்தி எஞ்சினின் அச்சிலேயே இறுக்கப்பட்டிருப்பதால், கத்தியைக் கையால் திருப்பினால் எஞ்சினும் திரும்பும். மிஞ்சியிருந்த பெட்ரோல் ஆவியிற் பொறி பட்டால், நின்றிருந்த கத்தி ஒரு வீச்சு வீசும். விரலை இழக்க அந்த ஒரு வீச்சு போதும். அடைத்த புல்லை எடுப்பதற்கும் இவ்விதி பொருந்தும்.

யந்திரத்தைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் காற்று வடிகட்டியும் மேற்புறம் இருக்குமாறு சாய்க்கவேண்டும். மாறாகச் சாய்த்தால் எண்ணெய் வடிகட்டியிலும் சிலிண்டரிலும் புகுந்து, எஞ்சின் கிளம்பாமற் போகும். கிளம்பினாலும் வெகுநேரம் வெண்புகை கக்கும். சாய்க்குமுன் தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுதல் நலம்.

எண்ணெயும் காற்று வடிகட்டியும்

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன், யந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தி எண்ணெய் அளவுக் குச்சியைப் பார்க்கவேண்டும். இவ்வெஞ்சின்கள் கொள்ளும் எண்ணெய் சாதாரணமாக அரை லிட்டர் அளவே. ஆதலால் சிறிது குறைந்தாலும் தேய்மானம் விரைவில் உண்டாகும். அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் தவறு. வெயில் மிகுந்த நாட்டுக்கு எஸ்.ஏ.இ. 30 என்னும் தரம் பொருத்தமானது. புது யந்திரத்தில் முதல் 5 மணி நேர வேலைக்குப் பின்னும், அப்பால் 50 மணிக்கு ஒரு முறையும் எண்ணெயை மாற்றவேண்டும். எஞ்சின் சூடாயிருக்கும்போதே வடித்தால் கசடும் சேர்ந்து வெளியேறும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது.

தோப்புத் தூசி எஞ்சினுக்குப் பகை. காற்று வடிகட்டியின் வழியே நுழையும் மண்துகள் பிஸ்டன் வளையங்களை அரத்தைப்போல் அராவிவிடும். நுரைப்பஞ்சு வடிகட்டியானால் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சில துளி எஞ்சின் எண்ணெய் இட்டுப் பிழிந்து பொருத்தவேண்டும். காகித வடிகட்டியை நனைக்கக் கூடாது. தரையில் மெல்லத் தட்டித் தூசியை உதிர்த்து, அழுக்கேறியதை மாற்றிவிட வேண்டும். இதனை 25 மணிக்கு ஒரு முறையும், வறண்ட காலத்தில் அதனினும் அடிக்கடியும் செய்யவேண்டும். வடிகட்டியின்றி ஒரு நாள் ஓட்டுவதும் எஞ்சினின் ஆயுளைக் குறைக்கும்.

சிலிண்டரைச் சுற்றியுள்ள விசிறித் தகடுகளே எஞ்சினைக் குளிரச் செய்வன. அவற்றினிடையே புல் அடைத்தாலும், ஓய்வுக் காலத்தில் எலி கூடு கட்டினாலும், சூடு வெளியேற வழியின்றி எஞ்சின் கெடும். தூரிகையால் இவற்றைத் துடைத்துவரவேண்டும். மூடியின் உட்புறத்தில் ஒட்டும் ஈரப்புல்லை வேலை முடிந்த அன்றே மரக்கட்டையாற் சுரண்டிவிட்டால் தகடு துருப்பிடிக்காது.

வெட்டுக்கத்தி

கூர் மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமற் கிழிக்கிறது. கிழிந்த நுனிகள் இரண்டொரு நாளில் பழுத்து, புல்தரை முழுவதும் மங்கித் தோன்றும். எஞ்சினுக்கும் பாரம் அதிகமாகிப் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும். 25 மணி வேலைக்கு ஒரு முறையேனும் கத்தியைத் தீட்டவேண்டும்.

பிளக் தொப்பியைக் கழற்றியபின், கத்திக்கும் மூடிக்கும் இடையில் மரக்கட்டையொன்றைச் செருகிக் கத்தியை அசையாதபடி நிறுத்தி, கனத்த சாக்கினாற் கையை மூடிக்கொண்டு போல்ட்டைத் தளர்த்தவேண்டும். கத்தியைப் பட்டறைப் பிடிப்பில் இறுக்கி, முன்பிருந்த சரிவு மாறாமல் அரத்தால் இரு முனைகளையும் ஒரே அளவு தீட்டவேண்டும். சவரக்கத்தி போல் மெல்லிய முனை வைப்பது வேண்டுவதில்லை; அது முதற் கல்லிலேயே மடங்கிவிடும்.

தீட்டியபின் நிறை பார்ப்பது மிக அவசியம். சுவரில் அடித்த ஆணியில் கத்தியின் நடுத் துளையை மாட்டினால், தராசுக் கோல் போல் கிடையாக நிற்கவேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அப்பக்கத்தை மேலும் சிறிது அராவவேண்டும். நிறை தவறிய கத்தி யந்திரத்தையே நடுங்கச் செய்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, அச்சின் தாங்கிகளைத் தேய்த்துவிடும். திரும்பப் பொருத்தும்போது, கத்தியின் வளைந்த சிறகு மேலே, அதாவது மூடியை நோக்கி, இருக்கவேண்டும். தலைகீழாகப் பொருத்திவிட்டு யந்திரம் வெட்டவில்லை எனக் குறை கூறுவோர் உண்டு.

வளைந்த கத்தியைக் கொல்லன் உலையிற் காய்ச்சி நிமிர்த்துவதும், விண்ட கத்தியைப் பற்றவைத்து உபயோகிப்பதும் ஒருபோதும் கூடா. காய்ச்சிய இரும்பு பதம் இழக்கிறது. முழு வேகத்தில் ஒரு துண்டு தெறித்தால் அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. புதுக் கத்தியின் விலையைச் சிக்கனம் செய்ய எண்ணி இதற்கு இடங்கொடுத்தல் தகாது.

பெட்ரோல்

நான்கு வீச்சு எஞ்சினுக்குத் தனிப் பெட்ரோலே ஊற்றவேண்டும். தோளில் மாட்டிக்கொள்ளும் புல்வெட்டிகளிற் பல இரண்டு வீச்சு எஞ்சின் உடையவை. அவற்றுக்கு எண்ணெய் கலந்த பெட்ரோல் தேவை. இரு யந்திரங்களையும் வைத்திருப்போர் தகரங்களை மாற்றி ஊற்றுவது எளிதில் நேரும் தவறு. கலப்புப் பெட்ரோலை நான்கு வீச்சு எஞ்சினில் ஊற்றினால் பிளக்கில் கரி படியும். தனிப் பெட்ரோலை இரண்டு வீச்சு எஞ்சினில் ஊற்றினாலோ மசகின்றிப் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி, எஞ்சின் பாழாகும். ஆகவே இரு தகரங்களுக்கும் வெவ்வேறு நிறம் பூசி வைக்கவேண்டும்.

இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். அடியிலிருந்தே கார்புரேட்டருக்குக் குழாய் செல்லுவதால், எஞ்சினுக்குப் பெட்ரோலுக்குப் பதிலாக அக்கலவையே சேரும். நாள்பட்ட பெட்ரோல் பிசின் போல் உறைந்து, ஊசித் துளை அளவேயுள்ள கார்புரேட்டரின் நடுத்துளையை அடைக்கும். சிற்றெஞ்சின் தயாரிப்பாளர் பலர் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலை அநுமதிப்பதில்லை. யந்திரத்தோடு வரும் குறிப்பேட்டைப் பார்த்துக் கொள்ளுதல் நன்று. எவ்வாறாயினும் ஒரு மாதத்துக்கு வேண்டியதற்கு மேல் பெட்ரோலை வாங்கி வைக்கலாகாது. ஐயமிருந்தால் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து அசையாது வைத்துப் பார்க்கவேண்டும். அடியில் வேறொரு படலம் தென்பட்டால் முழுவதையும் நீக்கிவிட வேண்டும்.

எஞ்சின் கிளம்பாவிட்டால்

செலவில்லாத சோதனையை முதலிலும், கழற்ற வேண்டியதைப் பின்பும் செய்யும்படி கீழ்க்கண்ட வரிசை அமைந்துள்ளது.

1. தொட்டியில் புதுப் பெட்ரோல் உளதா, பெட்ரோல் திருகு திறந்துளதா, குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் போடப்பட்டுளதா, நிறுத்துக் கைப்பிடி நன்றாக அழுத்திப் பிடிக்கப்பட்டுளதா எனப் பார்க்கவேண்டும். பாதிப் பழுதுகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

2. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். எண்ணெயில் நனைந்தோ தூசியால் அடைபட்டோ இருந்தால் அதுவே காரணமாகலாம்.

3. நாலைந்து முறை கயிற்றை இழுத்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்கவேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேருகிறது. பொறியில் குறை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது எனக் கொள்ளலாம். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

4. பிளக் நனைந்திருந்தால் துடைத்து, கரியை நீக்கி, முனைகளின் இடைவெளியைச் சரிசெய்யவேண்டும். இவ்வெஞ்சின்களுக்கு அது சாதாரணமாக 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை. பொறி பார்ப்பதற்கு, சிந்திய பெட்ரோலைத் துடைத்துவிட்டு, பிளக்கைத் தொப்பியில் மாட்டி, பிளக் துளையிலிருந்து விலக்கி, எஞ்சினின் இரும்பில் படும்படி ரப்பர் உறையிட்ட இடுக்கியாற் பிடிக்கவேண்டும். மற்றொருவர் நிறுத்துக் கைப்பிடியை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுக்கலாம். கத்தி சுழலுமாதலால் இருவர் பாதங்களும் மூடிக்கு அப்பால் இருக்கவேண்டும். நீல நிறப் பொறி தோன்றினால் குறையில்லை. தோன்றாவிடில் புதுப் பிளக்கை வைத்துப் பார்த்து, அதிலும் தோன்றாவிடில் நிறுத்துக் கம்பியையும் கம்பிச்சுருளையும் சோதிக்கவேண்டும்.

5. பிளக் உலர்ந்திருந்தால், அதன் துளையில் அரைத் தேக்கரண்டி பெட்ரோல் விட்டு, பிளக்கை இறுக்கி இழுக்கவேண்டும். எஞ்சின் சில விநாடி ஓடி நின்றால் பொறியும் அழுத்தமும் சரியாயிருக்கின்றன. குறை பெட்ரோல் வரும் வழியில் உள்ளது. அப்பொழுது குழாயையும் வடிகட்டியையும் பார்த்து, பிறகு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக் கசடை நீக்கவேண்டும். நடுத்துளையைக் கார்புரேட்டர் கழுவும் திரவத்தாற் கழுவி, மெல்லிய செம்புக் கம்பியின் ஒற்றை இழையால் துலக்கலாம். எஃகு ஊசியால் குத்தினால் துளை பெருத்து, அப்பால் எஞ்சின் ஒருபோதும் சீராக ஓடாது.

6. கயிற்றை இழுக்கும்போது தடையே தோன்றாவிடில் அழுத்தம் போய்விட்டது. வால்வு அல்லது வளையம் பழுது. கயிறு கையிலிருந்து வெடுக்கெனப் பின்வாங்கினால், சற்று முன் கத்தி கட்டையிலோ கல்லிலோ மோதிற்றா எனக் கேட்கவேண்டும். பறக்கும் சக்கரத்தை அச்சோடு சரியான நிலையில் நிறுத்த மெல்லிய உலோக ஆப்பு ஒன்று உண்டு. மோதலில் அது நறுக்குண்டு சக்கரம் சிறிது விலகினால், பொறி தவறான சமயத்தில் உண்டாகும். மிகச் சிறு விலையுள்ள இவ்வாப்பை அறியாது கார்புரேட்டரையும் பிளக்கையும் மாற்றிச் செலவு செய்வது வழக்கமாயிருக்கிறது.

ஓடும்போது தோன்றும் குறைகள்

சிறிது நேரம் நன்றாக ஓடிப் பிறகு நின்று, சற்று ஆறியதும் மீண்டும் கிளம்பினால், தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். மூடியைத் தளர்த்தும்போது காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால் அதுவே காரணம். எஞ்சின் ஒரு கணம் உயர்ந்தும் மறுகணம் தாழ்ந்தும் ஓடினால் கார்புரேட்டர் துளையில் அரை அடைப்பு உளது. கரும்புகை வந்தால் காற்றுக் குறைவு. சோக்கையும் வடிகட்டியையும் பார்க்கவேண்டும். நீலம் கலந்த வெண்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் அளவு மிகுந்ததா, யந்திரம் தவறாகச் சாய்க்கப்பட்டதா என முதலில் பார்த்து, இரண்டுமில்லையேல் வளையத் தேய்மானம் எனக் கொள்ளலாம்.

திடீரென நடுக்கம் உண்டானால் உடனே நிறுத்தவேண்டும். போல்ட் தளர்ந்திருக்கலாம், கத்தி வளைந்திருக்கலாம், அச்சே வளைந்திருக்கலாம். கத்தியின் ஒரு முனைக்கும் மூடியின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து, கத்தியை அரைச் சுற்றுத் திருப்பி மறு முனையையும் அதே இடத்தில் அளக்கவேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கத்தியோ அச்சோ வளைந்துளது. வளைந்த அச்சு, வால்வு, வளையம், கயிற்றுச் சக்கரத்தின் சுருள்வில் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடவேண்டும். அச்சுருள்வில் கூட்டைவிட்டுத் தெறித்தால் கண்ணைப் பறிக்கும்.

கையாளுவோர் கவனிக்க வேண்டியவை

கைப்பிடியை விட்டதும் கத்தி தானே நிற்கும் அமைப்பு பெரும்பாலான யந்திரங்களில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1982 முதல், பின்னால் நடந்து தள்ளும் யந்திரங்களில் கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நிற்கவேண்டுமெனச் சட்டமே விதிக்கப்பட்டது. கை வலிக்கிறதென்று இப்பிடியைக் கயிற்றாற் கட்டிவிடுவோர், தங்களைக் காக்க வைத்த காவலைத் தாங்களே அகற்றுகின்றனர். கூலியாளிடம் யந்திரத்தை ஒப்படைக்கும் நிலக்காரர் இதனைக் கண்டிப்பாகத் தடுக்கவேண்டும். வலிக்குக் காரணம் கம்பியின் இறுக்கமாயிருந்தால் எண்ணெயிட்டுச் சீர்ப்படுத்தவேண்டும்.

வேலைக்குமுன் நிலத்தில் ஒரு சுற்று நடந்து, கல், கம்பி, மட்டைக்காம்பு, தேங்காய்ச் சிரட்டை முதலியவற்றைப் பொறுக்கிவிட வேண்டும். சொட்டுநீர்க் குழாய் செல்லும் இடத்தில் கோல் நட்டு அடையாளமிடுதல் நன்று. குழந்தைகளும் கால்நடைகளும் அருகில் வரலாகாது. வெறுங்காலோடு ஓட்டலாகாது. சரிவில் மேலும் கீழுமாக அன்றிக் குறுக்காகவே செல்லவேண்டும். ஈரப்புல் மூடிய செங்குத்தான ஏரிக்கரைக்கும் வாய்க்காற்கரைக்கும் அரிவாளே தகுந்தது. சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவதும், மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டுவதும் ஆகா. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையின்றியே உயிரைப் போக்கும். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாதிருந்தால் புல்லும் கெடாது, எஞ்சினும் திணறாது.

ஓய்வுக் காலம்

ஒரு மாதத்துக்கு மேல் யந்திரம் நிற்குமெனத் தெரிந்தால், தொட்டியை வடித்து, எஞ்சினைத் தானே நிற்கும் வரையில் திறந்த வெளியில் ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலியாக்க வேண்டும். பிறகு எண்ணெயை மாற்றி, பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இரண்டு முறை இழுத்து, பிளக்கைப் பொருத்தவேண்டும். கத்திக்கும் மூடியின் உட்புறத்துக்கும் எண்ணெய் பூசி, எலி புகாத உலர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். அரை மணி நேரத்தில் முடியும் இவ்வேலையே அடுத்த பருவத்தின் பழுதுகளிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

ஊராட்சிக்குச் சொந்தமான யந்திரமானால், ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய தேதி, கத்தி தீட்டிய தேதி, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றைக் குறிக்கும் சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்தல் அவசியம். பலர் கையாளும் பொருளை எவரும் பேணுவதில்லை என்னும் குறையை அந்நோட்டுப் புத்தகம் நீக்கும். தனிக் குடியானவரும், ஏர் கலப்பையை மழைக்குமுன் எடுத்துச் சீர்செய்வதுபோல், முதல் மழைக்கு ஒரு வாரம் முன்பே யந்திரத்தை வெளியே எடுத்து, புதுப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்த்துக்கொண்டால், புல் வளர்ந்தபின் மெக்கானிக்கைத் தேடி அலையும் நிலை நேராது.